பாட்டிலிருந்து எழுத்துக்கு: தொடக்கநிலை ஆசிரியர் பயிற்சி பற்றிய ஒரு திறனாய்வு

முதலாம் வகுப்புப் பிள்ளைகள் கூடிப் பாடுவதைக் கேட்டு மகிழாதார் இலர். கை தட்டியும் தலை அசைத்தும் அவர்கள் பாடும்போது, அவ்வகுப்பில் தமிழ் வாழ்கின்றது என்றே பார்ப்பவர் எண்ணுவர். ஆனால் பாட்டு முடிந்ததும் அப்பாட்டில் வரும் ஒரு சொல்லை ஆசிரியர் கரும்பலகையில் எழுதி, ‘இஃது என்ன சொல்?’ என்று வினவட்டும். வகுப்பு சட்டென்று அடங்கி விடும். கூர்த்த மதியுள்ள ஒரு பிள்ளை பாட்டை முதலிலிருந்து வாய்க்குள் முணுமுணுத்து, அந்தச் சொல் எவ்விடத்தில் வரும் என்று தேடும். மற்றொரு பிள்ளை பாட்டில் தனக்குப் பிடித்த ஏதேனும் ஒரு சொல்லைச் சொல்லிவிடும். எழுத்தைப் பார்த்துப் படித்த பிள்ளைகள் சிலரே. பாட்டு செவியில் இருக்கின்றது. எழுத்து பலகையில் இருக்கின்றது. இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை.

இந்நிலை தொடக்கநிலை ஆசிரியர் யாவரும் அறிந்ததே. எனினும் ஆசிரியர் பயிற்சியைப் பற்றிப் பேசுவோர் இதனைப் பேசுவது குறைவு. விளையாட்டாலும் பாட்டாலும் கற்பிக்கலாமா, கூடாதா என்ற பழைய வழக்கு எப்போதோ தீர்ந்து விட்டது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், நான்கைந்து ஆண்டுகளில் மாநிலமெங்கும் பரவியது. கொரோனாத் தொற்றால் பள்ளிகள் நெடுங்காலம் மூடிக் கிடந்தபின், 2022ஆம் ஆண்டு அங்கே ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டம் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளுக்காகத் தொடங்கப் பெற்றது; ஆசிரியர் அனைவருக்கும் பாட்டு, ஆடல், பொம்மலாட்டம், விளையாட்டு ஆகியவற்றோடு பயிற்சி அளிக்கப் பெற்றது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மகிழ்ந்து கற்றல் என்பது பயிற்சிக் கூடங்களில் ஒப்புக்கொண்ட கொள்கையாகி விட்டது. ஆகவே இன்று கேட்க வேண்டிய கேள்வி வேறு. பாட்டைக் கற்றுக்கொண்டு பள்ளிக்குத் திரும்பும் ஆசிரியர், அப்பாட்டிலிருந்து எழுத்துக்குப் போகும் வழியையும் கற்றுக்கொண்டு திரும்புகின்றாரா? பெரும்பாலும் இல்லை என்றே சொல்ல வேண்டியுள்ளது. அவ்வழி வெளிநாட்டு நூல்களில் மட்டுமே உள்ளதன்று. தமிழாசிரியர் தம் தேர்வுக்காகப் படித்துவிட்டு மூடி வைத்த யாப்பிலக்கணத்திலேயே அதன் பெரும்பகுதி இருக்கின்றது.

பழைய திண்ணைப் பள்ளியை வெறும் பிரம்புப் பள்ளியாகவே இன்று பலரும் நினைக்கின்றனர். அதன் கொடுமைகளை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அங்கே பிள்ளை ஓர் எழுத்தை ஒரே வேளையில் வாயால் சொன்னது, விரலால் மணலில் எழுதியது, கண்ணால் கண்டது. சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண்பிள்ளைகளுக்கான அனாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரு பெல் என்னும் ஆங்கிலிக்கப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு வியந்து அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். 1797ஆம் ஆண்டு அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். இங்கிலாந்து ‘சென்னை முறை’ என்று பெயரிட்டு அதை ஏற்றுக்கொண்டது. நம் மணலை அவர்கள் எடுத்துப் போனார்கள். நாம் பின்னர் அதையே புதுமை என்று திரும்ப வாங்கினோம். அது நிற்க.

அத்திண்ணைப் பள்ளியின் முதற் பாட்டு நூல் ஔவையாரின் ஆத்திசூடி. அதனை அறநூல் என்று போற்றுவார் உளர். பிள்ளைகளுக்கு விளங்காத அறத்தைத் திணிக்கும் நூல் என்று ஒதுக்குவாரும் உளர். இரு திறத்தாரும் அதனை எழுத்து நூலாக நோக்குவதில்லை. எழுத்து நூலாக அதைப் பார்க்கும்போது ஒரு வியப்பு காத்திருக்கின்றது.

ஆத்திசூடியின் முதல் 12 அடிகளும் அகரம் முதல் ஔகாரம் வரை ஒவ்வோர் உயிரெழுத்தில் தொடங்குவதை எல்லாரும் அறிவர். 13ஆவது அடி ஆய்தத்துக்கு உரியது. ஆய்தம் சொல்லுக்கு முதலில் வாராது. எனவே ஔவையார் அதனை அடியின் முதற்சொல்லில் இரண்டாம் எழுத்தாக வைக்கின்றார். முதலில் நிற்பது அகரம். அடுத்த 18 அடிகள் மெய்வரிசை. இவற்றுள் க, ங, ச, ஞ, த, ந, ப, ம, வ என்னும் ஒன்பதும் அடியின் முதலில் நிற்கின்றன. ட, ண, ய, ர, ல, ழ, ள, ற, ன என்னும் மற்ற ஒன்பதும் இரண்டாம் இடத்தில் நிற்கின்றன. யகரம் ஒன்றைத் தவிர இவ்வொன்பதும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாகாதவை. யகரமும் ஆகாரம் முதலிய சிலவற்றோடு சேர்ந்தே முதலில் வருவது. ஆகையால் இடம், இணக்கம், இயல்பு, அரவம், இலவம், அழகு, இளமை, அறன், அனந்தல் என்று முன்னே ஓர் அகரத்தையோ இகரத்தையோ நிறுத்தி, அதன் தோளில் கற்பிக்க வேண்டிய எழுத்தை ஏற்றி வைத்திருக்கின்றார். வேறெந்த உயிரும் அங்கே முன்னிற்கவில்லை. அதைவிட நுட்பம் ஒன்று உண்டு. இந்தப் பதினெட்டு இடங்களிலும் எழுத்து அகரம் ஏறிய உயிர்மெய்யாகவே, காலும் கொம்பும் சுழியும் இல்லாத தன் மூல வடிவிலேயே நிற்கின்றது. பிள்ளை முதலில் எழுதிப் பழகும் வடிவம் அதுவேயன்றோ? இதன் பின்னரே ககர வருக்கம் க, கா, கி, கீ என்று வரிசையாகத் தொடங்கிச் சகர, தகர, நகர, பகர, மகர, வகர வருக்கங்களாக விரிகின்றது.

இஃது அறம் பாட வந்த புலவர் எழுத்து வரிசையைத் துணையாகக் கொண்ட செயல் மட்டும் அன்று. எவ்வெழுத்து எங்கே நிற்கும், எவ்வடிவில் நிற்கும், எதற்குப் பின் எது வரவேண்டும் என்று எண்ணிப் பார்த்த ஆசிரியரின் செயல். ஙகரத்துக்கு உரிய அடி இதற்குச் சிறந்த சான்று. அவ்வெழுத்தில் தொடங்கும் வழக்குச் சொல் இல்லை. ஔவையார் எழுத்தின் பெயரையே சொல்லாக்கி, அதன் வடிவத்தையே பொருளாக்கி, அவ்வெழுத்தைப் போல வளைந்து கொடு என்னும் கருத்துப்பட அடியை முடித்து விட்டார். பொருளை உரைகாரர் சுற்றம் தழுவுதல் என்றும் பிறவாறும் விரிப்பர். ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த அடியே ஒரு விளையாட்டு. எழுந்து நின்று உடம்பை அவ்வெழுத்தின் வடிவாக வளைத்துக் காட்டச் சொன்னால் போதும். வாழ்நாள் முழுவதும் அவ்வெழுத்தை அப்பிள்ளை மறவாது. இந்த அடியைக் கண்டும் ‘மனப்பாடம் செய்க’ என்று மட்டும் சொல்லி அமர்கின்றவர்களுக்கு என்ன சொல்வது!

மலேசியத் தமிழ்ப் பள்ளிகளின் பாடத்திட்டத்தில் செய்யுளும் மொழியணியும் என்ற பகுதியில் ஆத்திசூடி முதலாம் ஆண்டிலேயே இடம் பெறுகின்றது. அது போற்றத் தக்கது. ஆனால் அப்பகுதியில் பிள்ளை அடியையும் பொருளையும் ஒப்புவிக்கின்றது. எழுத்தை வேறொரு நாளில், வேறொரு பாடத்தில், வேறு சொற்களைக் கொண்டு கற்கின்றது. டகரத்துக்குரிய அடியை ‘இ’ எழுத்தின் அடி என்று பிள்ளை எண்ணிக்கொண்டால் அது பிள்ளையின் பிழையன்று. அந்த அடியில் செவி எந்த எழுத்தின்மேல் நிற்க வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. ஆசிரியருக்கும் பயிற்சியில் யாரும் சொல்லவில்லை.

செவியை எழுத்தின்மேல் நிறுத்துவது எப்படி? இங்கேதான் யாப்பு வருகின்றது. முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. முதலெழுத்து அளவொத்து நிற்க இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. இறுதி ஒன்றி வருவது இயைபு. தொல்காப்பியம் செய்யுளியலில் இவற்றைச் சொல்கின்றது. காரிகை கற்றவர் எல்லாரும் இவற்றைக் கரைத்துக் குடித்திருப்பர். புலவர்க்கு இவை செய்யுளின் அணிகலன்கள். தொடக்கநிலை ஆசிரியர்க்கு இவை கருவிகள். படம், பழம், பந்து, பல் என்று ஆசிரியர் சொல்லி, ‘பசு, மரம், பறவை: இவற்றுள் எது நம் கூட்டத்தைச் சேராது?’ என்று கேட்பது மோனை விளையாட்டு. பட்டம், வட்டம், கட்டம், சட்டம் என்று முதலெழுத்தை மட்டும் மாற்றி மாற்றிச் சொல்வது எதுகை விளையாட்டு. எதுகை விளையாட்டில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. ‘ட்டம்’ என்பதை அட்டையில் ஒரு முறை எழுதி வைத்து, முன்னே ப, வ, க, ச என்ற அட்டைகளை மாற்றி மாற்றி வைத்தால், செவி கேட்ட ஒற்றுமையைக் கண் அப்படியே காண்கின்றது. பிள்ளை நான்கு சொற்களை நான்கு சுமையாகக் கற்பதில்லை. ஒன்றைக் கற்று மூன்றைத் தானே படித்து விடுகின்றது.

இதனை மெய்ப்பிக்கும் ஆராய்ச்சி இங்கிலாந்தில் நடந்தது. பிராட்லி, பிரையன்ட் என்னும் இருவர் 1983ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் அதன் முடிவை வெளியிட்டனர். ஒலியொற்றுமையில் தேர்ச்சி குறைந்த பிள்ளைகளைப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஒத்த ஒலியுடைய சொற்களின் படங்களைச் சேர்க்கும் விளையாட்டை மட்டும் கற்பித்தனர். மற்றொரு குழுவுக்கு அவ்விளையாட்டோடு பிளாஸ்டிக் எழுத்துகளையும் கையில் கொடுத்தனர். ஒலியோடு எழுத்தையும் பெற்ற குழுவே படிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் முன்னே சென்றது. ஒலி விளையாட்டு மட்டும் பெற்ற குழு அத்துணை முன்னேறவில்லை. அங்கே கற்பித்தது ஆங்கிலம்; நம் எழுத்து முறை வேறு என்பது உண்மையே. எனினும் பாட்டு தானாகவே எழுத்தாகி விடாது, இரண்டையும் ஒரே வேளையில் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும் என்னும் பாடம் எம்மொழிக்கும் பொருந்தும்.

மாத்திரையும் அப்படியே. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை என்று ஒப்புவிக்காத தமிழாசிரியர் இல்லை. அந்த மாத்திரையைத் தொல்காப்பியர் எதனால் அளந்தார்? கண் இமைப்பதாலும் கை நொடிப்பதாலும். இலக்கண ஆசிரியரே உடம்பசைவை அளவுகோலாகத் தந்திருக்க, வகுப்பில் மட்டும் அது வாய்ப்பாடாகிக் கிடக்கின்றது. குறிலுக்குக் கையை ஒரு முறை தட்டி, நெடிலுக்குக் கையை இழுத்து நீட்டிக் காட்டும் பிள்ளைக்குக் ‘கல்’, ‘கால்’ என்னும் சொற்களின் வேறுபாடு உடம்பில் பதிகின்றது. பின்பு காலென்னும் துணையெழுத்தைக் கண்டால், ‘இங்கே கையை நீட்ட வேண்டும்’ என்று அது தானே சொல்லும்.

அசை பிரிப்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. ‘மரம்’ என்பது யாப்பில் ஒரே நிரையசை. பிள்ளையின் கைத்தட்டலிலோ ‘ம’, ‘ரம்’ என இரண்டு தட்டு. இலக்கணம் கற்ற ஆசிரியர் நேர், நிரை என்னும் பெயர்களைப் பிள்ளையிடம் கொண்டு போகத் தேவையில்லை. கொண்டு போகவும் கூடாது. ஆனால் சொல்லை ஒலிக் கூறுகளாகப் பிளந்து கேட்கும் செவி அவருக்கு முன்னமே வாய்த்து விட்டது. அச்செவியை வெண்பாவுக்கு மட்டும் ஒதுக்கி வைப்பது ஏன்? பயிற்சிக் கல்வியில் யாப்பு ஒரு பாடம். பாட்டும் விளையாட்டும் வேறொரு பாடம். இரண்டுக்கும் இடையே ஒரு கதவும் திறப்பதில்லை.

இனிப் பாடல்களை நோக்குவோம். 1915ஆம் ஆண்டு வெளிவந்த பாரதியாரின் பாப்பாப் பாட்டு தமிழ்க் குழந்தையை நேரே விளித்துப் பேசியது. அதன் பெருமை வேறு. எழுத்தறிவித்தலுக்கு அது கருவியாக எழுதப்பட்டதன்று. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பசுவையும் கன்றையும் பற்றிப் பாடிய சிறு பாட்டு இத்துறைக்கு மிக நெருங்கியது. பேச்சு வழக்கில் உள்ள ‘-உது’ என்னும் முடிவை வினைமுற்றுகளில் அவர் துணிந்து ஆண்டார். அதனால் பிள்ளை வீட்டில் கேட்கும் தமிழைப் பள்ளியில் எழுத்தாகக் காண்கின்றது. அந்த முடிவு பாட்டில் மீண்டும் மீண்டும் வருவதால் ‘குது’ என்னும் எழுத்திணை கண்ணுக்குப் பழகி விடுகின்றது. செந்தமிழ் வழுவிற்று என்று வருந்துவார் வருந்துக. முதல் வகுப்பின் வாயிலில் நிற்கும் பிள்ளைக்கு அவ்வழக்கு ஒரு படிக்கட்டு.

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் மாம்பழப் பாட்டு வேறொரு வகையில் சிறந்தது. மாம்பழம் என்னும் ஒரே சொல் பல அடிகளின் இறுதியில் வந்து முடிகின்றது. ஒரு தாளில் பாட்டை எழுதி அச்சொல்லைத் தேடி வட்டமிடச் சொன்னால், பாட்டைப் பாடியபடியே பிள்ளை அதைக் கண்டுபிடித்து விடும். மகரமும் ழகரமும் அதில் அடங்கியுள்ளன. இப்பாட்டில் சேலத்தைச் சொல்வது மலேசியப் பிள்ளைக்கு விளங்குமா என்று கேட்டு, நம் நாட்டுப் பழத்தை வைத்துப் பாட விரும்புவார் உளர். விரும்புவது நன்றே. ஆனால் மாம்பழத்தின் இடத்தில் ரம்புத்தானையோ டுரியானையோ வைத்துப் பாடிப் பார்த்தால் பாட்டு கால் இடறுகின்றது. ஏன் என்று யாப்பு அறிந்தவர் உடனே சொல்வார். மாம்பழம் நேர்நிரையாகிய கூவிளச்சீர். ரம்புத்தான் மூவசையுடைய தேமாங்காய். டுரியான் நிரைநேராகிய புளிமா. மாதுளை என்று வைத்தால் சீரும் பொருந்தும், ‘மா’ என்னும் மோனையும் கெடாது. பாடலை மாற்றிக் கையாளும் ஆசிரியர்க்கு இந்த அறிவு எவ்வளவு பெரிய துணை! பயிற்சியில் பாடல்களை அச்சிட்டுக் கொடுப்பதைவிட, ஒரு பாடலில் ஒரு சொல்லை மாற்றி வைக்கும் இத்திறனைக் கொடுத்தால் ஆசிரியர்க்கு ஆயிரம் பாடல்கள் கிடைத்து விடும்.

பயிற்சிக் கூடங்களுக்கென்றே இயற்றப்படும் பாடல்களைப் பற்றி இவ்வளவு நல்ல சொற்கள் சொல்வதற்கில்லை. ஒரே பாட்டில் பன்னிரண்டு உயிரையும் அடுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு முறை மட்டும் சொல்லிப் பறந்து விடுகின்றவை பல. ஒரு முறை கேட்ட எழுத்து செவியில் தங்காது. ஔதாரியம் போன்ற சொற்களை எழுத்துக்காக வலிந்து இழுத்து வருகின்றவையும் உள. இவற்றினும் பெரிய தீங்கு ஆங்கிலக் குழந்தைப் பாடல்களின் மெட்டில் தமிழ்ச் சொற்களைத் திணிப்பது. அம்மெட்டுகள் தத்தம் மொழியின் அழுத்தத்துக்கு ஏற்ப அமைந்தவை. தமிழில் ஒரு குறிலை இழுத்துப் பாடினால் சொல்லே மாறி விடும். படம் பாடமாகின்றது, மலை மாலையாகின்றது, விடு வீடாகின்றது. குறில் நெடில் வேறுபாட்டைக் கற்பிக்க வந்த பாட்டே அவ்வேறுபாட்டை அழித்து விடுகின்றது. இத்தகைய பாட்டைப் பாடிப் பழகிய பிள்ளை ‘படம்’ என்னும் சொல்லுக்குக் கால் போட்டு எழுதினால், அது தான் கேட்டதை எழுதியிருக்கின்றது. தாலாட்டும், ஐந்தாங்கல் ஆடும்போது பாடும் எண்ணுப் பாட்டும், கண்ணாமூச்சிப் பாட்டும் இப்பிழையைச் செய்வது அரிது. மொழியின் அளவை அறிந்த வாய்கள் பாடிப் பாடித் தேய்த்தவை அவை.

விளையாட்டுகளுக்கும் ஓர் உரைகல் உண்டு. எழுத்தைப் படிக்காமலே ஒரு பிள்ளை அவ்விளையாட்டில் வெல்ல முடியுமானால், அது படிப்பு விளையாட்டன்று. பாண்டிக் கட்டங்களில் எழுத்துகளை எழுதி வைத்துத் தாண்டச் சொல்வதைப் பலரும் செய்கின்றனர். கால் வலிமை உள்ள பிள்ளை எழுத்தைப் பாராமலே தாண்டி வென்று விடுகின்றது. எழுத்து அங்கே வண்டியில் ஏறி வந்த பயணி. வண்டியை ஓட்டுவது வேறொன்று. அதே பாண்டியில் ஆசிரியர் ஒரு சொல்லைச் சொல்லி, அச்சொல்லின் எழுத்துகள் உள்ள கட்டங்களில் மட்டும் முறையே கால் வைக்கச் சொல்லட்டும். ஆட்டம் அப்படியே இருக்கின்றது. ஆனால் படிக்காமல் ஒரு கட்டமும் தாண்ட முடியாது. மலாய்ப் பிள்ளைகளோடு சேர்ந்து ஆடும் சொங்காக் ஆட்டத்திலும் குழிகளில் எழுத்து அட்டைகளை இட்டு இவ்வாறே செய்யலாம்.

மற்றொரு குறை இதனினும் கொடியது. தோற்றவர் வெளியேறும் விளையாட்டுகளைப் பயிற்சியில் கற்றுவந்து வகுப்பில் நடத்துவோர் பலர். முதலில் வெளியேறுவது யார்? எழுத்தறியாத பிள்ளை. எவனுக்கு இருபது முறை பயிற்சி வேண்டுமோ அவன் ஒரே முறையில் சுவரோரம் போய் உட்கார்ந்து கொள்கின்றான். நன்கு படிக்கின்றவனுக்கே மேலும் மேலும் பயிற்சி கிடைக்கின்றது. ஆரவாரத்தைக் கண்டு மகிழும் ஆசிரியரின் கண்ணுக்குச் சுவரோரம் இருப்பவன் தெரிவதில்லை.

தமிழ் எழுத்தின் இயல்பை அறியாமல் எப்பாட்டும் பயன் தராது. பந்தின் முதலில் வரும் பகரமும் கம்பத்தின் நடுவில் வரும் பகரமும் எழுத்தில் ஒன்று, ஒலியில் வேறு. மலாயும் ஆங்கிலமும் காதில் விழும் சூழலில் வளரும் பிள்ளை இவ்வேறுபாட்டை நன்றாகவே கேட்கும். ‘அது வேறு எழுத்தா?’ என்று அது கேட்டால், மெல்லினத்தை அடுத்து வரும் வல்லினம் மெலிந்து ஒலிக்கும் என்பதை ஆசிரியர் மனத்தில் கொண்டு விடை சொல்ல வேண்டும். ‘கெ’, ‘கே’, ‘கை’ என்பவற்றில் பின்னே ஒலிக்கும் உயிரின் குறி முன்னே எழுதப்படுகின்றது. ‘கொ’, ‘கோ’ என்பவற்றில் இருபுறமும் எழுதப்படுகின்றது. காது கேட்கும் முறையும் கண் காணும் முறையும் இங்கே மாறுபடுகின்றன. ஆகவே இவற்றுக்குப் பாட்டு மட்டும் போதாது. அட்டைகளை நகர்த்தி வைக்கும் கைவிளையாட்டே இங்கு உதவும். கன்னட எழுத்து முறையைப் பற்றிச் சோனாலி நாக் என்னும் ஆய்வாளர் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, உயிர்மெய் வடிவங்கள் அனைத்தும் பிள்ளையின் வசமாக முதல் வகுப்பு மட்டும் போதாது, ஆண்டுகள் பல ஆகின்றன என்று காட்டியது. தமிழிலும் 247 எழுத்துகளை ஓராண்டில் பாடி முடித்து விட்டோம் என்று மூடி வைப்பது தகாது.

சிங்கப்பூரின் நிலை இன்னும் கடினமானது. 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்குள்ள இந்தியருள் வீட்டில் பெரிதும் தமிழ் பேசுவோர் 27.3 விழுக்காட்டினர், ஆங்கிலம் பேசுவோர் 59.2 விழுக்காட்டினர். தமிழ் பேசாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு ‘வட்டம்’ என்னும் சொல்லே புதிது; அதன் எதுகையைக் கேள் என்பது அதற்குப் பின்னர் வரவேண்டியது. அப்பிள்ளைக்குப் பாட்டு முதலில் பொருள் தர வேண்டும். கையால் வட்டம் போட்டுப் பாடி, பொருள் உடம்பில் ஏறிய பின்பே ஒலியைப் பிரிக்கலாம். பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் இடம் தர வேண்டும் என்று 2005ஆம் ஆண்டில் அங்கே தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு வலியுறுத்தியது இவ்வகையில் சரியானதே. ஆனால் ஒரே பாட்டு மூன்று வகைப் பிள்ளைகளுக்கு மூன்று வேலை செய்ய வேண்டும் என்பதை ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும்.

தமிழ்நாட்டுத் திட்டத்தின் ஒரு கூறு இங்கே பாராட்டத் தக்கது. மூன்றாம் வகுப்பில் இருந்தாலும் எழுத்தறியாத பிள்ளை எழுத்தறியாத பிள்ளையே என்று ஒப்புக்கொண்டு, அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கச் சொன்னது அது. எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்து தெரியவில்லை என்று பார்த்த பின் பாட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு அது வழி செய்கின்றது. ஆனால் அப்பெரிய மாநிலத்தில் பயிற்சி படிப்படியாகவே இறங்க வேண்டியுள்ளது. மாநிலக் கருத்தாளர் மாவட்டத்தாருக்குக் கற்பிக்க, மாவட்டத்தார் வட்டாரத்தாருக்குக் கற்பிக்க, அவர் ஆசிரியர்க்குக் கற்பிக்கின்றார். இவ்விறக்கத்தில் எது தப்பிப் பிழைக்கும்? மெட்டும் அசைவும் பிழைக்கும். அவை எளிதில் ஒட்டிக்கொள்வன. ‘இப்பாட்டை ஏன் இந்த எழுத்துக்குத் தேர்ந்தோம்’ என்ற காரணம் முதற்படியிலேயே உதிர்ந்து விடும். கடைசியில் ஆசிரியர் கையில் பாட்டு இருக்கின்றது, கருத்து இல்லை. மலேசியாவில் தமிழ்ப் பள்ளிகள் ஐந்நூற்று இருபதுக்கும் மேற்பட்டவை. சிங்கப்பூர் சிறிய நாடு. ஆசிரியர் கல்விக் கழகங்களிலும், சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்திலும், சிங்கப்பூரின் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையத்திலும் இத்தனைப் படிகள் தேவைப்படா. காரணத்தையும் சேர்த்தே கொடுக்கக் கூடிய வாய்ப்பு இங்கே மிகுதி.

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் இல்லை, விளையாட்டுக்கு நேரம் ஏது என்பார் கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது. தோட்டப்புறத்துச் சிறு பள்ளிகளில் ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் நிலையும் உண்டு. ஆனால் மேலே சொன்ன மோனை விளையாட்டுக்கு ஐந்து நிமிடம் போதும், அட்டையும் தேவையில்லை. நேரத்தைத் தின்பது விளையாட்டன்று. வேடம் புனைவதும், வண்ணத்தாள் வெட்டுவதும், படம் எடுத்து அனுப்புவதுமே நேரத்தைத் தின்கின்றன.

ஆகவே பயிற்சியின் இறுதியில் ஆசிரியர்க்கு வைக்க வேண்டிய தேர்வு, அவர் எத்துணை அழகாக ஆடிப் பாடுகின்றார் என்பதாக இருத்தல் ஆகாது. எட்டு அடிப் பாட்டு ஒன்றை அவர் கையில் கொடுக்கலாம். இப்பாட்டில் எந்த எழுத்து மிகுதியாக வருகின்றது? முதலிலா, நடுவிலா, எந்த வடிவில்? மெட்டு எங்கேனும் குறிலை நெடிலாக்குகின்றதா? எந்தச் சொல்லை அட்டையில் எழுதுவீர்? அச்சொல்லை வைத்து, தோற்ற பிள்ளை வெளியேறாத ஓர் ஆட்டத்தை அமைத்துக் காட்டுக என்று கேட்கலாம். யாப்பு கற்பிக்கும் விரிவுரையாளரும் பயிற்று முறை கற்பிக்கும் விரிவுரையாளரும் ஒரே அறையில் அமர்ந்து இதற்கு மதிப்பெண் இடட்டும். அதன்பின் பயிற்சி ஆசிரியர் பள்ளிக்குச் சென்று அப்பாட்டைக் கற்பிக்கட்டும். மூன்று நாள் கழித்து, இசையின்றி, கூட்டத்தின் துணையின்றி, சுவரோரம் உட்கார்ந்திருந்த பிள்ளையை அழைத்து அந்தச் சொல்லைக் காட்டிப் படிக்கச் சொல்ல வேண்டும். பயிற்சி ஆசிரியரின் தேர்வுத் தாளில் எழுத வேண்டிய மதிப்பெண் அப்பிள்ளையின் வாயிலிருந்து வருவதே.